தூரமானி வாங்குமுன் அறியவேண்டியவை
(பயிர்க்காவலில் ஈடுபட்டுள்ள கமக்காரருக்கான பேச்சு)



உழுது, விதைத்து, பசளையிட்டு, நீர் பாய்ச்சிக் காத்த நெற்பயிர் கதிர் தள்ளிப் பால் பிடிக்கும் வேளையில், ஓரிரவிலே காட்டுப்பன்றிக் கூட்டம் புகுந்து வயலைச் சேறாக்கிவிட்டுச் செல்வதை நீங்கள் அறிவீர்கள். மரவள்ளி, வற்றாளை, சோளம், நிலக்கடலை ஆகியவற்றைச் செய்கை பண்ணுவோர் இத்துன்பத்தை இன்னும் அதிகமாக அனுபவிக்கின்றனர். இதனாற் பலர் பரண் கட்டி இரவிற் காவலிருக்கின்றனர். அனுமதிப்பத்திரம் பெற்ற துவக்கைப் பயிர்ப் பாதுகாப்புக்கென வைத்திருப்போரும் உளர்.

இவர்களுட் சிலர், லேசர்த் தூரமானி என்னும் கருவியை வாங்குவது நன்றோ, வாங்குவதாயின் குறைந்த விலையில் எதனைத் தெரிவது என்று வினவி வருகின்றனர். இக்கருவி பெரும்பாலும் அமெரிக்கா முதலிய நாடுகளில் மான் வேட்டையாடுவோருக்கும், கோல்ஃப் விளையாடுவோருக்கும் என்றே செய்யப்படுவது. ஆதலால் அதன் பெட்டியில் அச்சிடப்பட்டுள்ள எண்களும் அவர்களுடைய தேவையைத் தழுவியனவேயாம். நமது வயலுக்கும் பரணுக்கும் அவற்றில் எது வேண்டும், எது வேண்டாம் என்பதைப் பிரித்தறிந்தாற்றான் காசு வீண்போகாது. அதனையே இன்று எடுத்துக் கூற விரும்புகிறேன்.

தூரத்தை ஏன் அறியவேண்டும்?

இரவிலே தூரத்தைக் கண்ணால் மதிப்பிடுவது மிகக் கடினம். பகலில் இடையிலுள்ள வரம்பும் மரமும் வேலியும் நமக்கு அளவுகோலாக உதவுகின்றன. இருளில் அவை மறைந்துவிடுகின்றன. ரோச் வெளிச்சத்தில் விலங்கின் கண்கள் மட்டும் மின்னும்போது, அது 30 யாரில் நிற்கிறதா, 60 யாரில் நிற்கிறதா என்பதைப் பழகிய காவற்காரரும் திட்டமாகக் கூற இயலாது.

இதனால் விளையும் தீங்கு இரண்டு. முதலாவது, நமது கமக்காரர் கையிலுள்ள 12 போர் வேட்டைத் துவக்கின் சன்னங்கள் குழாயை விட்டுச் சென்றதும் விரியத் தொடங்குகின்றன. ஏறத்தாழ 35 முதல் 40 யாருக்குள் மாத்திரமே அவை போதிய நெருக்கத்துடனும் வேகத்துடனும் விலங்கை அடைகின்றன. அதற்கப்பாற் சுடுவோமாயின் ஒன்றிரண்டு சன்னங்கள் மாத்திரமே படும். விலங்கு விழாது; காயத்துடன் பற்றைக்குள் ஓடும். காயப்பட்ட பன்றி நாட்கணக்கில் வருந்திச் சாவது பெருங் கொடுமை. மறுநாட் காலையில் அப்பற்றையருகே விறகெடுக்கச் செல்வோரையும் மாடு மேய்ப்போரையும் அது தாக்கவுங்கூடும்.

இரண்டாவது தீங்கு இதனினும் பெரிது. 40 யாரில் வலுக்குறையும் சன்னம் 40 யாரில் நின்றுவிடுவதில்லை. எஸ்.ஜி. எனப்படும் பெருஞ் சன்னம், துவக்கு மேல்நோக்கிப் பிடிக்கப்பட்டிருந்தால், 600 யாருக்கும் அப்பாற் சென்று விழக்கூடியது. அடுத்த வயலின் காவற்கொட்டில் எங்கே இருக்கிறது? நீர் திருப்பச் செல்பவர் எந்த வரம்பால் வருவார்? வீதி எவ்வளவு தூரம்? இவற்றை அளந்து அறியாதவர் துவக்கைத் தொடலாகாது. தூரமானியின் முதற்பயன் சுடுவதற்கு உதவுவதன்று. எங்கே சுடக்கூடாது என்பதைத் தெரிந்துகொள்ள உதவுவதேயாம்.

கருவி வேலை செய்யும் முறை

1960ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் தியடோர் மைமன் என்பவர் முதலாவது லேசரை இயக்கிக் காட்டினார். லேசர் ஒளி சாதாரண விளக்கொளியைப் போல எப்பக்கமும் சிதறிப் பரவாது ஒடுங்கிய கற்றையாகச் செல்லும் இயல்புடையது. இவ்வியல்பைக் கொண்டு தூரம் அளக்கும் கருவிகள் முதலில் இராணுவத்துக்காகவும், பிற்காலத்திற் பொதுமக்களுக்காகவும் செய்யப்பட்டன.

கைக்கடக்கமான இக்கருவியினூடாகப் பார்த்துப் பொத்தானை அழுத்தும்போது, கண்ணுக்குப் புலனாகாத செங்கீழ் ஒளித் துடிப்புகள் புறப்பட்டுச் செல்கின்றன. அவை எதிரிலுள்ள பொருளிற் பட்டுத் திரும்பி வருவதற்கு எடுத்த நேரத்தைக் கருவி அளக்கின்றது. ஒளி ஒரு விநாடிக்கு ஏறத்தாழ 3,00,000 கிலோமீற்றர் செல்வதாதலின், 100 மீற்றர் சென்று திரும்புவதற்கு ஒரு விநாடியைப் பத்து இலட்சம் கூறாக்கினால் அதில் ஒரு கூறுகூட ஆகாது. அந்நேரத்தைக் கணித்து, தூரத்தை யாரிலோ மீற்றரிலோ கண்ணாடிக்குள் எழுத்தாகக் காட்டுகின்றது.

இதிலிருந்து ஓர் உண்மை விளங்கும். ஒளி திரும்பி வந்தாற்றான் அளவு கிடைக்கும். எந்தப் பொருள் ஒளியை நன்கு திருப்புகிறதோ அதனை வெகு தூரத்திலும் அளக்கலாம். ஒளியை விழுங்கும் பொருளை அருகிலேதான் அளக்கலாம். மழை, மூடுபனி, புகை ஆகியன ஒளியை இடையிலேயே சிதறடிப்பதால், அவ்வேளைகளில் எக்கருவியின் வீச்சும் குறையும். யன்னற் கண்ணாடியினூடாக அளப்பதும் பிழையான அளவைத் தரும்.

பெட்டியிலுள்ள பெரிய எண்

கடைக்காரர் முதலிற் காட்டுவது பெட்டியில் எழுதப்பட்டுள்ள எண்ணையே. 600 யார், 1000 யார், 1500 யார் என்று அது இருக்கும். எண் கூடக்கூட விலையும் கூடும். அவ்வெண் எதனை அளக்கும்போது கிடைக்கும் என்பதைச் சிறிய எழுத்தில் எழுதியிருப்பார்கள். பெரும்பாலும் அது ஒளிதெறி தகட்டுக்கு உரியது. துவிச்சக்கர வண்டியின் பின்புறத்திலுள்ள சிவப்புத் தெறிகண்ணாடி, ரோச் ஒளி பட்டதும் எவ்வளவு தூரத்திலும் பளிச்சிடுவதைப் பார்த்திருப்பீர்கள். அத்தகைய பொருளை 1000 யாரில் அளக்கும் கருவி, மரத்தை அவ்வளவு தூரத்தில் அளக்காது. மானை அதனிலும் குறைந்த தூரத்திலேயே அளக்கும். சேற்றிற் புரண்டு நனைந்த கரிய பன்றியையோ இன்னும் கிட்டவே அளக்கும். ஆகவே, பெட்டியிலுள்ள எண்ணில் மூன்றிலொரு பங்கையே விலங்குக்குரிய வீச்சாகக் கொள்வது பாதுகாப்பான கணக்கு. 600 யார் என்றால் 200 யார் என்று மனத்துள் எழுதிக்கொள்ளுங்கள்.

அப்படியாயின் நமக்கு வேண்டிய எண் யாது? வேட்டைத் துவக்கின் பயன்தரும் எல்லை 40 யாருக்குள் அடங்கும். பரணிலிருந்து அடுத்த கொட்டில், வீதி, வாய்க்கால் ஆகியவற்றை அளப்பதற்கும், வேலியின் நீளத்தைக் கணிப்பதற்கும் 200 அல்லது 300 யார் வரை போதும். மரமும் சுவரும் அத்தூரத்தில் எளிதாக ஒளியைத் திருப்பும். எனவே 600 யார் என்று குறிக்கப்பட்ட சாதாரண கருவியே நமது தேவைக்குப் போதுமானது. 1500 யார்க் கருவிக்குக் கொடுக்கும் மேலதிகப் பணம் நமது வயலில் ஒரு மணி நெல்லையும் கூடுதலாகக் காக்காது. மலைநாடுகளிலும் பெருவெளிகளிலும் றைபிளால் நெடுந்தூரம் சுடுவோருக்கே அது வேண்டியது.

எளிய வகைகள் அமெரிக்காவில் ஏறத்தாழ 100 முதல் 200 டொலர் வரையில் விற்கப்படுகின்றன. லைக்கா போன்ற பெயர்பெற்ற கம்பனிகளின் கருவிகள் இவற்றைப் போலப் பன்மடங்கு விலையுடையன. இன்ன கம்பனியின் கருவியை வாங்குங்கள் என்று கூறுவது இத்துண்டுப்பிரசுரத்தின் நோக்கமன்று. எதனைப் பார்த்து வாங்கவேண்டும் என்பதையே கூறுவோம்.

பார்த்து வாங்கவேண்டிய குணங்கள்

முதலாவது, எழுத்தின் நிறம். மலிவான கருவிகள் பலவற்றில் தூரம் கறுப்பு எழுத்திலே தோன்றும். பகலில் அது தெளிவாக இருக்கும்; மைம்மற் பொழுதிலோ கறுப்புப் பின்னணியிற் கறுப்பெழுத்து மறைந்துவிடும். பன்றி வருவது அவ்வேளையிலேதான். மாலையிலும் அளக்க விரும்புவோர் சிவப்பாக ஒளிரும் எழுத்துடைய கருவியைத் தெரிதல் நன்று. பகலில் மாத்திரம் அளப்போருக்குக் கறுப்பெழுத்தே போதும். அதனால் விலையும் குறையும்.

இரண்டாவது, எப்பொருளை முதன்மையாகக் கொள்கிறது என்பது. கோல்ஃப் விளையாட்டுக்கான கருவி, பார்வையிற் படும் மிக அண்மையான பொருளின் தூரத்தைக் காட்டும். கொடிக்கம்பத்தின் பின்னாலுள்ள மரங்களை விட்டுவிட்டுக் கம்பத்தையே காட்டவேண்டும் என்பது அவர்கள் தேவை. வேட்டைக்கான கருவியோ, முன்னாலுள்ள புல்லையும் கொப்பையும் விட்டுவிட்டுப் பின்னால் நிற்கும் பொருளைக் காட்டுமாறு அமைக்கப்படுவதுண்டு. இலுக்குப் புல்லும் கம்பிவேலியும் முன்னால் நிற்கும் நமது நிலங்களுக்கு இரண்டாவதே ஏற்றது. இரண்டையும் மாற்றிக்கொள்ளும் வசதி சில கருவிகளில் உண்டு. அவை இன்னும் நல்லன.

மூன்றாவது, சரிவுக் கணக்கு. மேட்டிலிருந்து பள்ளத்தை நோக்கி அளக்கும்போது கிடைத்தூரத்தைத் திருத்திக் காட்டும் ஏற்பாடு சில கருவிகளில் உண்டு. அதற்காக மேலதிக விலையும் கேட்பார்கள். நெல்வயலில் இதனால் யாதொரு பயனுமில்லை. 5 மீற்றர் உயரப் பரணிலிருந்து 30 மீற்றர் கிடைத்தூரத்திலுள்ள இடத்தை நேரே அளந்தால் 30.4 மீற்றர் வரும். வேறுபாடு ஒரு முழத்தளவுகூட இல்லை. நுவரெலியா, வெலிமடை போன்ற இடங்களிற் சரிவான நிலத்தில் மரக்கறி செய்வோருக்கு அது ஓரளவு உதவலாம். 30 பாகைச் சரிவில் 100 மீற்றர் என்று காட்டும் இடத்தின் கிடைத்தூரம் 87 மீற்றரேயாம்.

நான்காவது, நீர் புகாமை. பனியும் மழையும் உள்ள இரவிற் பயன்படும் கருவிக்கு இது இன்றியமையாதது. ஐ.பி.எக்ஸ். 4 என்ற குறி, தெறிக்கும் நீரைத் தாங்கும் என்பதைக் காட்டும். ஐ.பி.எக்ஸ். 7 என்ற குறி, ஒரு மீற்றர் ஆழ நீரில் அரைமணி நேரம் கிடந்தாலும் கெடாது என்பதைக் காட்டும். வாய்க்காலருகே நடமாடும் நமக்கு இரண்டாவது நன்று. முதலாவதற்குக் குறைந்ததை வாங்கலாகாது.

ஐந்தாவது, பற்றரி. பல கருவிகள் சி.ஆர். 2 என்னும் சிறு பற்றரியால் இயங்குகின்றன. அது உங்கள் சந்தைக் கடையிற் கிடைக்குமா என்பதை முதலில் விசாரியுங்கள். கிடைக்காதாயின், கைத்தொலைபேசியைப் போல மின்னேற்றக்கூடிய வகையைத் தெரியுங்கள்.

ஆறாவது, கண்ணாடி. பொருளை 6 மடங்கு பெரிதாக்கிக் காட்டினாற் போதும். அதற்கு மேற் பெருக்கினால் கைந்நடுக்கமும் பெருகித் தெரியும். மாலையிற் காட்சியும் மங்கும்.

ஏழாவது, கண்ணுக்குத் தீங்கின்மை. முதலாம் வகுப்பு லேசர் என்ற குறி கருவியிற் பொறிக்கப்பட்டிருத்தல் வேண்டும். அக்குறி இல்லாததை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்கவேண்டாம்.

கட்டட வேலைக்குரிய கருவி வேறு

மேசனும் தச்சனும் பயன்படுத்தும் லேசர் அளவுகருவியை இதுவென மயங்கி வாங்குவோருமுளர். அது சுவரிற் செந்நிறப் புள்ளியை இட்டு, மில்லிமீற்றர் வரை திருத்தமாக அளக்கும். ஆனால் அதன் வீச்சு பெரும்பாலும் 100 மீற்றருக்குள் அடங்கும்; வெயிலில் அந்தச் செம்புள்ளி கண்ணுக்குத் தெரியாது. வீடு கட்டவும் களஞ்சியம் அமைக்கவும் அது நன்று; வயல்வெளிக்கு ஏற்றதன்று.

கடையிற் சோதிக்கும் முறை

வாங்குமுன் பின்வருமாறு சோதியுங்கள். அளவு நாடாவால் 30 மீற்றரை அளந்து அடையாளமிடுங்கள். அங்கே வெயிலில் ஒரு வெள்ளைச் சுவரையோ பலகையையோ அளந்து பாருங்கள். பின்பு நனைத்துச் சேறு பூசிய சாக்கொன்றை அதே இடத்தில் தொங்கவிட்டு அளவுங்கள். இதுவே பன்றியின் உடலுக்குக் கிட்டிய சோதனை. ஒவ்வொன்றையும் ஐந்து முறை அளந்து, விடைகள் ஒரு மீற்றருக்கு மேல் மாறுபட்டால் அக்கருவியை விட்டுவிடுங்கள். அடுத்து, சாக்கின் முன்னே கொப்பொன்றைப் பிடித்து, கருவி கொப்பைக் காட்டுகிறதா சாக்கைக் காட்டுகிறதா என்று பாருங்கள். இறுதியாக, பொழுது சாயும் வேளையில் எழுத்துத் தெரிகிறதா என்று பாருங்கள். இச்சோதனைக்கு இடங்கொடாத வியாபாரியிடம், பழுதாயின் திருப்பி எடுப்பதாக எழுத்திற் பெற்றுக்கொள்ளுங்கள்.

பயன்படுத்த வேண்டிய முறை

இருளிற் பார்க்கும் சக்தி தூரமானிக்கு இல்லை. அதன் ஒளி நமது கண்ணுக்குப் புலனாகாது. இரவில் அதனூடாகப் பார்த்தால் இருளே தெரியும். ஒரு கையில் ரோச், மறுகையிற் கருவி, தோளில் துவக்கு என்று தடுமாறுவது ஆபத்தை விலைக்கு வாங்குவதாகும். ஆகவே பகலிலேயே அளந்துவிடுங்கள். பரணில் இருந்து நாற்புறமும் 35 யார், அதாவது 32 மீற்றர், தூரத்தில் தடிகளை நட்டு, அவற்றில் வெள்ளைத் துணி கட்டுங்கள். இரவில் விலங்கு அத்தடிக்கு இப்பால் வந்தாலன்றிச் சுடுவதில்லை என்று விதித்துக்கொள்ளுங்கள். அடுத்த கொட்டிலும், வீதியும், நீர் திருப்பும் மடையும் இருக்கும் திசைகளில் சிவப்புத் துணி கட்டுங்கள். அத்திசைகளில் விலங்கு எவ்வளவு கிட்ட நின்றாலும் சுடலாகாது.

இவ்வாறு செய்தால், போகத்துக்கு ஒருமுறை அரைநாள் அளந்தாற் போதும். அரைநாள் வேலைக்கு ஒவ்வொருவரும் ஒரு கருவி வாங்குவது சிக்கனமாகாது. உங்கள் கமக்காரர் அமைப்பு ஒரு கருவியை வாங்கி, வெளியிலுள்ள பரண்கள் அனைத்துக்கும் முறை வைத்து அளந்து கொடுக்கலாம். மின்வேலி அமைக்க எண்ணுவோர் அதே கருவியால் வேலியின் நீளத்தை அளந்து, கம்பிக்கும் கட்டைக்கும் ஆகும் செலவை முன்கூட்டியே கணிக்கலாம். உழவிலும் சேற்றிலும் முட்பற்றையிலும் நாடா பிடித்து நடக்கும் சிரமம் நீங்கும்.

ஆனால் காணியின் பரப்பை அளந்து எல்லைத் தகராறு தீர்ப்பதற்கு இக்கருவியைக் கொண்டு செல்லாதீர்கள். ஒரு மீற்றர் கூடவோ குறையவோ காட்டுவது இதன் இயல்பு. சதுரமான ஓர் ஏக்கரின் ஒரு பக்கம் ஏறத்தாழ 63.6 மீற்றர், பக்கத்துக்கு ஒரு மீற்றர் கூடிவிட்டால் பரப்பில் 5 பேர்ச் அளவு பிழை நேரும். அது நில அளவையாளரின் வேலை.

கயிறு போதுமா?

மெய்யாகவே, தரை உலர்ந்து வெளியாக உள்ள இடத்தில், 35 யாரை அளக்கத் தூரமானி தேவையில்லை. 105 அடி நீளமான கயிறொன்று போதும். கயிற்றில் முடிச்சிட்டு அளக்கும் வழக்கம் இன்றும் பயனுடையதே. கையிற் பணம் குறைவாயின் கயிற்றையே கையாளுங்கள். அதே பணத்தை வேலியைத் திருத்தச் செலவிடுங்கள். நீர் நிற்கும் வயல், வாய்க்காலுக்கு அப்பாலுள்ள கொட்டில், முட்காட்டின் ஓரம் ஆகியவற்றை அளக்கவேண்டியவருக்கே கருவி மிகப் பயன்படும்.

பேணும் முறை

கண்ணாடியைச் சாரத்தின் நுனியாலோ தோளிற் கிடக்கும் துவாயாலோ துடைக்கலாகாது, தூசு கீறிவிடும். முதலில் ஊதித் தூசை அகற்றி, மென்மையான தூய பருத்தித் துணியாற் துடையுங்கள். போகம் முடிந்ததும் பற்றரியைக் கழற்றி, ஈரமற்ற மூடிய பெட்டியில் வையுங்கள். ஈரத்தில் வைத்தாற் கண்ணாடிக்குள் பூஞ்சணம் படரும். கருவியினூடாகச் சூரியனைப் பார்த்தலாகாது; கண்பார்வை அழியும். பிள்ளைகள் விளையாட்டாக எடுக்காதவாறு காத்துக்கொள்ளுங்கள்.

மறக்கக்கூடாத ஒன்று

தூரமானி தூரத்தைச் சொல்லும். அங்கே நிற்பது விலங்கோ மனிதரோ என்பதைச் சொல்லாது. அசைவைக் கண்டும் சத்தத்தைக் கேட்டும் சுடுவோருக்கு எந்தக் கருவியும் துணையாகாது. பொருள் இன்னதென்று ஐயமறத் தெரிந்த பின்னரே தூரத்தைப் பற்றிய எண்ணம் எழவேண்டும். இரவில் நீர் திருப்ப வருபவர், காணாமற்போன மாட்டைத் தேடி வருபவர், பக்கத்து வயற்காரர், ஒருவேளை உங்கள் சொந்தப் பிள்ளை, இவர்களில் ஒருவர் அந்த இருளில் நடந்து வரக்கூடும். ஒரு போகத்து நெல்லைப் பன்றி தின்றால் மறுபோகத்தில் விளைவிக்கலாம். போன உயிரை எப்போகத்திலும் விளைவிக்க முடியாது.

பயிர்ப் பாதுகாப்புக்கெனக் கொடுக்கப்பட்ட துவக்கு, வேட்டைக்குக் கொடுக்கப்பட்டதன்று என்பதையும் நினைவிற் கொள்ளுங்கள். யானை, மான், மரை ஆகியன 1937ஆம் ஆண்டின் வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தாற் காக்கப்படுவன. எவ்விலங்கைப் பற்றியேனும் ஐயமிருந்தால் வனசீவராசிகள் அலுவலரிடம் கேட்டறிந்த பின்னரே செயற்படுங்கள். துவக்கின் அனுமதிப்பத்திரத்தை ஆண்டுதோறும் உரிய காலத்திற் புதுப்பித்துக்கொள்ளவும் தவறாதீர்கள்.

சுருக்கம்

1. 600 யார் என்று குறித்த கருவியே வயலுக்குப் போதும். பெரிய எண்ணுக்குப் பணம் கொடாதீர்.
2. குறித்த எண்ணில் மூன்றிலொரு பங்கையே விலங்குக்குரிய வீச்சாகக் கொள்க.
3. வேட்டைக்குரிய வகையைத் தெரிக. விளையாட்டுக்குரியதையும் கட்டட வேலைக்குரியதையும் தவிர்க்க.
4. நீர் புகாமை, கிடைக்கக்கூடிய பற்றரி, முதலாம் வகுப்பு லேசர்க் குறி ஆகியவற்றைக் கவனித்து வாங்குக.
5. சேறு பூசிய சாக்கிற் சோதித்துப் பார்த்து வாங்குக. கூடுமாயின் அமைப்பாகக் கூடி வாங்குக.
6. பகலில் அளந்து தடி நடுக. வெள்ளைத் துணிக்கு அப்பாலும் சிவப்புத் துணியுள்ள திசையிலும் சுடாதீர்.

இவை குறித்து மேலும் அறிய விரும்புவோர் தத்தம் பகுதி விவசாயப் போதனாசிரியரையோ கமநல சேவைகள் நிலையத்தையோ அணுகிக் கேட்டுக்கொள்ளலாம். உங்கள் வயல் விளைக. காவலிருப்போர் யாவரும் விடியலில் நலமே வீடு திரும்புக.